துரை வண்டியின் ரிவர்ஸ்

விடியற்காலைப் பூசை முடிந்ததும் பர்னபாஸ் வீட்டுக்குத் திரும்புவதில்லை. மாதா கோயில் மதிலோரம் சாத்தியிருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகக் கடற்கரைக்கு இறங்கிவிடுவான். சைக்கிளின் குறுக்குக் கம்பியில் முழ நீளத் திருப்புளி ஒன்று கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். மீன்பிடிக்கப் போகும் லாஞ்சுகள் அந்நேரத்தில் என்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றிக்கொண்டிருக்கும். முழங்கால் தண்ணீரில் நடந்து ஒவ்வொன்றிலும் ஏறுவான். திருப்புளியின் இரும்பு முனையை என்ஜினின் தலையில் ஊன்றி, மரப்பிடியைக் காதெலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வான்.

"ரெண்டாவது வால்வுல இழுப்பு இருக்குலே. சனிக்கிழமை பட்டறைக்குக் கொண்டாந்துரு" என்பான். அல்லது ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிடுவான்; அப்படி இறங்கினால் அந்த லாஞ்சு தருவைகுளத்துக்கு அப்பாலும் துணிந்து போகலாம் என்று பொருள். மூன்று நான்கு லாஞ்சுகளைக் கேட்டு முடித்த பிறகுதான் வீட்டுக்கு வந்து கருப்பட்டிக் காப்பியில் வாய் வைப்பான். இருபது வருடமாக இதுதான் வழக்கம். இருபது வருடமாக அவன் காது பொய் சொன்னதுமில்லை. அதனால் பர்னபாஸ் ஒரு வேலையை முடித்தேன் என்று சொல்லிவிட்டால் யாரும் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை. அவனும் திரும்பிப் பார்ப்பதில்லை.

துரை வண்டி அவன் கைக்கு வந்தது ஒரு ஆனி மாதத்தில்.

தரை தட்டிப்போன வெளிநாட்டுக் கப்பல் ஒன்றின் சாமான்களை ஏலம் விட்டபோது, உப்பு வியாபாரி வீரபாகு அண்ணாச்சி அதை எடுத்திருந்தார். பரந்த புல்வெளியில் குச்சியால் பந்தடித்து விளையாடும் துரைமார்கள், பந்து விழுந்த இடத்துக்கு நடந்து போகச் சோம்பல்பட்டு ஏறிப்போகிற வண்டி என்று கப்பல் ஏஜெண்டு ஆபீசில் சொன்னார்கள். மூன்று சக்கரம், மேலே தகரக் கூரை. அண்ணாச்சி அதன் பின்னால் ஒரு தள்ளுவண்டியைப் பூட்டி, குடோனிலிருந்து தோணித்துறைக்கு உப்பு மூட்டை இழுக்க விட்டார். ஓட்டுவதற்குச் சிலுவையை வைத்துக்கொண்டார்.

சிலுவை, பர்னபாஸின் மனைவி கிளாடிஸுக்குக் கூடப்பிறந்த அண்ணன். பதினெட்டு வருடம் சங்கு குளித்தவன். பத்துப் பாக ஆழத்தில் ஒரு நாள் இடது காது உடைந்து, மூக்கிலும் வாயிலும் ரத்தமாக ஏறிவந்தான். அதன்பின் கடல் அவனை உள்ளே விடவில்லை. சில காலம் லாஞ்சில் சுக்கான் பிடித்தான். பெண்டாட்டி செத்து, பிள்ளை குட்டி இல்லாமல், மாதா கோயிலுக்குப் பின்தெருவில் ஒற்றை அறையில் இருந்தான். துரை வண்டி கிடைத்ததும் அவனுக்கு ஒரு மவுசு வந்தது. குடோனில் சாக்குத் தைக்கும் பெண்கள், "துரை வாராரு, எழும்புங்களா!" என்று கேலி செய்வார்கள். அவனும் இல்லாத தொப்பியைத் தொட்டுச் சலாம் வைப்பான்.

உப்புக் காற்று ஒரு வருடத்தில் அந்த என்ஜினைத் தின்றுவிட்டது. அதற்கு உதிரிச் சாமான் இந்தியாவிலேயே கிடையாது. பர்னபாஸ் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஏரல் பக்கத்து வாழைத் தோட்டத்தில் ஓடிய பம்புசெட்டு என்ஜின் ஒன்றைப் பூட்டினான். மண்ணெண்ணெயில் ஓடும் முரட்டு என்ஜின். வண்டி முன்னைக் காட்டிலும் பலமாக இழுத்தது. ஆனால் பின்னால் போகவில்லை.

பழைய என்ஜினுக்குத் தனியாக ரிவர்ஸ் கியர் இருந்ததில்லை. ஸ்விட்சை ஒரு பக்கம் திருப்பினால் என்ஜின் ஒரு திசையில் சுழலும். மறுபக்கம் திருப்பினால் நின்று, மறுதிசையில் சுழன்று புறப்படும். பம்புசெட்டு என்ஜினுக்கு அந்த வித்தை தெரியாது. அதற்கு ஒரே திசைதான். தோணித்துறையில் மூட்டையை இறக்கிய பிறகு நான்கு ஆட்கள் கூடி வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பி வைக்க வேண்டியிருந்தது.

"மருமவன் விருந்துக்கு வந்த மாதிரில்லா இருக்கு! வாரதுக்குத் தெரியும், திரும்பிப் போவத் தெரியாது" என்றார் வீரபாகு. "ஏ பர்னபாஸு, பின்னால போவாத வண்டியை வச்சுக்கிட்டு நான் என்னவே செய்ய? வாரக் கடைசிக்குள்ள ரிவர்ஸ் வேணும்."

பர்னபாஸ் யோசித்தான். உடைப்புக்குப் போன லாஞ்சு ஒன்றின் கியர்பெட்டி அவன் பட்டறையில் கிடந்தது. முன், நடு, பின் என்று மூன்று நிலை கொண்ட கடல்பெட்டி. அதை என்ஜினுக்கும் அச்சுக்கும் நடுவே பூட்டி, செயின் மாட்டி, ஓட்டுபவன் கைக்கு எட்டும் இடத்தில் லிவரையும் வைத்துவிட்டான். மூன்று நாள் வேலை. நான்காம் நாள் காலையில் சிலுவை ஏறி உட்கார்ந்து லிவரை முன்னால் தள்ளினான். வண்டி பின்னால் போய்ச் சுவரில் முட்டியது.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பர்னபாஸும் சிரித்தான். என்ஜின் சுழற்சியில் இடமும் வலமும் மாறியிருப்பது அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. லாஞ்சில் இப்படி நேர்ந்தால் கவலையே இல்லை. என்ஜின் எந்தப் பக்கம் சுழல்கிறதோ அந்தப் பக்கத்துப் புரொப்பெல்லரை வாங்கி மாட்டினால் போதும்; கடல்காரர்கள் அதை ஒரு கோளாறாகவே நினைப்பதில்லை. சக்கரத்துக்கு அப்படி இடப்பக்கத்துச் சக்கரம், வலப்பக்கத்துச் சக்கரம் என்று விற்கிறார்களா?

"மச்சான், லிவருக்கடியில அந்தக் கம்பியைக் கழட்டி, சுழலாணிக்கு மேல இருக்கதைக் கீழ மாத்திப் பூட்டுனாச் சரியாயிரும்" என்றான். "ஆனா இன்னைக்கு முடியாது. அங்கன மூணு லாஞ்சு கெடக்கு. திருவிழாவுக்கு மொத எறங்கணும்னு உயிரை வாங்குதானுவ. தேரு நெலைக்கு வந்ததும் மாத்தித் தாரேன்."

"அதுக்கென்னலே அவசரம்?" என்றான் சிலுவை. "நான் சுக்கான் பிடிச்ச ரோச் லாஞ்சுலயும் லிவர் மாறித்தானே கெடந்துச்சு. ரெண்டு மாசம் நான் ஓட்டலையா? முன்னால தள்ளுனாப் பின்னால, பின்னால இழுத்தா முன்னால. நெனப்பு வச்சுக்கிட்டாப் போச்சு."

தேர் ஓடி நிலைக்கு வந்தது. லாஞ்சுகள் இறங்கின. வேறு லாஞ்சுகள் கரையேறின. சிலுவை நினைவு வைத்துக்கொண்டு ஓட்டினான்.

அந்தக் கடற்கரையில் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை ஒன்று உண்டு. காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்று, உடல் பெருத்ததும் வேறு வீடு தேடிப் புறப்பட்டதாம். லட்சத்தில் ஒன்றாகக் கிடைக்கும் வலம்புரிச் சங்கு அதன் கண்ணில் பட்டது. நண்டின் வால் பிறவியிலேயே ஒரு பக்கமாகச் சுருண்டது. அந்தச் சங்கின் உட்சுருளோ மறுபக்கமாக ஓடியது. நினைவாக மறுபக்கம் சுருட்டிக்கொண்டால் ஆயிற்று என்று நண்டு குடியேறியது. கடல் அமைதியாக இருந்த நாளெல்லாம் நினைவாகவே சுருட்டிக்கொண்டது. கணவாய் மீன் துரத்திய அன்று வால் தன் பிறவிப் பக்கம் சுருண்டது. சங்கு நழுவி விழுந்தது. அச்சம் வரும்போது உடம்பு யாரையும் கேட்பதில்லை.

கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு காலை. இரவு பெய்த மழையில் குடோன் தரை நசநசவென்றிருந்தது. சாக்குத் தைக்கும் சுடலைமாடத்தி, கையிலிருந்து உருண்டோடிய சணல் உருண்டையைப் பிடிக்க அடுக்கின் மறைவிலிருந்து குனிந்தபடி வெளியே வந்தாள். தோணித்துறையிலிருந்து வந்த காலி வண்டி, லிவர் நடுநிலையில் கிடக்க, உருண்டபடி உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. அவள் சிலுவையின் இடப்பக்கத்திலிருந்து வந்தாள். கேளாத காது இருக்கும் பக்கம். யாரோ கத்தியது அவனுக்கு எட்டி, அவன் திரும்பிப் பார்த்தபோது அவளுக்கும் வண்டிக்கும் நடுவே நான்கு முழம் இருந்தது.

காலடியில் பிரேக் இருந்தது. ஆனால் பதினெட்டு வருடத்துக்கு மேல் வள்ளத்திலும் லாஞ்சிலும் வாழ்ந்தவனுக்கு நிறுத்துவது என்றால் காலால் மிதிப்பதன்று. லாஞ்சுக்குப் பிரேக் கிடையாது. எதிரே எது வந்தாலும் லிவரைப் பின்னால் இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். சிலுவையின் கை லிவரைப் பின்னால் இழுத்தது. வண்டி முன்னால் பாய்ந்தது. மூட்டை அடுக்குக்கும் வண்டி மூக்குக்கும் இடையில் மாடத்தி அகப்பட்டுக்கொண்டாள்.

பட்டறையிலிருந்து பர்னபாஸ் ஓடிவந்தபோது அவளை ஒரு லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மூட்டை தூக்கும் காசிலிங்கம், அவள் புருஷன், அந்த லாரியின் பின்னாலேயே ஓடிப் போயிருந்தான். சிலுவையைப் போலீஸ்காரர் அழைத்துப் போயிருந்தார். குடோனில் ஒருவருமில்லை. வண்டி மட்டும் நின்றது. சிந்திய உப்பில் சணல் உருண்டை கிடந்தது.

பர்னபாஸ் ஸ்பேனரை எடுத்தான். லிவருக்கடியில் கையை விட்டு, சுழலாணிக்கு மேலிருந்த கம்பியைக் கழற்றிக் கீழே பூட்டினான். கால் மணி நேரம் ஆயிற்று.

பிற்பகல் போலீசிலிருந்து சோதிக்க வந்தவர்கள் லிவரைத் தள்ளினார்கள். வண்டி முன்னால் போனது. இழுத்தார்கள்; பின்னால் வந்தது. "எல்லாம் சரியாத்தான இருக்கு?" என்று கேட்டார்கள். "சரியாத்தான் இருக்கு" என்றான் பர்னபாஸ். அன்று சாயங்காலம் மாடத்தி இறந்துபோனாள்.

"பயத்துல மாத்தித் தள்ளிட்டேன்யா" என்று சிலுவை ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தான். இரண்டு நாள் கழித்து ஜாமீனில் வெளியே வந்தான். வேலை போயிற்று. சரியாக இருந்த வண்டி ஏன் பாய்ந்தது என்ற கேள்வியை, இடுகாட்டிலிருந்து திரும்பிய காசிலிங்கம் ஒரே சொல்லால் அடைத்தான். "குடிச்சிருந்தாம்யா. குளியாள்தானே, எந்நேரமும் குடிதான். அதான் எம் பொண்டாட்டியக் கொன்னுட்டான்." குடோனிலும் காப்பிக்கடையிலும் தோணிக்காரரிடமும் அதையே சொன்னான். சங்கு குளிப்பவர்கள் குளிருக்குக் குடிப்பது ஊரறிந்த விஷயம். ஊர் நம்பியது.

மாசி மாதம். தவக்காலம் தொடங்கி முதல் வாரம். சிலுவையின் வழக்கு திங்கட்கிழமை கோர்ட்டுக்கு வரவிருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை மதியம், கிளாடிஸ் குசினியில் உட்கார்ந்து சாளை மீன் அரிந்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் இருவரும் ஞானோபதேச வகுப்புக்குப் போயிருந்தார்கள். பர்னபாஸ் சுவரோர வாங்குப் பலகையில் சாய்ந்திருந்தான்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

"கேளு."

"நீங்க பூசையில நன்மை வாங்கப் போறதில்ல. எல்லாரும் சாமியார்ட்ட அப்பம் வாங்க எழும்பிப் போறாங்க, நீங்க தூணு மறைவுல முழங்கால்ல நிக்கீங்க. ஒரு ஞாயித்துக்கெழமை ரெண்டு ஞாயித்துக்கெழமை இல்ல. கிறிஸ்மஸுக்கே போகல. பக்கத்து வீட்டுக்காரி என்கிட்ட கேக்கா, ஒம் மாப்பிள்ளைக்கு யாரு கூடப் பகைன்னு."

"பகையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அப்பப் பாவமா?"

அவள் இன்னொரு மீனை எடுத்துச் செதில் சுரண்டினாள்.

"வேற எவளும் இருக்காளா?"

"சீ! என்னளா பேசுத?"

"இல்லன்னா என்னன்னு சொல்லுங்க. இருபது வருசமா ஒங்க தலைமாட்டுல கெடக்கேன். நீங்க தூங்கல, திங்கல, லாஞ்சுல காது வச்சுட்டு வந்து ஒண்ணுமே கேக்கலங்கீங்களாமே. லாஞ்சுக்கார ரோச் சொல்லுதான். மேஸ்திரிக்குக் காதுல என்னமோ கோளாறுன்னு."

பர்னபாஸ் சொன்னான். லிவர் மாறியிருந்ததைச் சொன்னான். தேர் நிலைக்கு வந்ததும் மாற்றித் தருகிறேன் என்றதைச் சொன்னான். ஆளில்லாத குடோனில் ஸ்பேனர் பிடித்ததைச் சொன்னான். அவன் சொல்லி முடிக்கும்போது அவள் கையிலிருந்த மீன் சட்டிக்குள் விழுந்திருந்தது.

"எங்க அண்ணனுக்குத் தெரியுமா? நீங்க பொறவு மாத்துனது?"

"தெரியாம இருக்குமா? வண்டி சரியா இருந்துச்சுன்னு போலீஸ் அவன்கிட்டச் சொல்லிருப்பாங்கள்ல. அவன் என்கிட்டக் கேக்கல. நானும் சொல்லல."

"திங்கக்கெழமை அண்ணன் கோர்ட்டுல என்ன சொல்லும்?"

"குத்தம் தன் மேலதான்னு சொல்லும். வக்கீல்ட்ட அப்படித்தான் சொல்லிருக்கு."

"சொன்னா?"

"ஒரு வருசமோ ரெண்டு வருசமோன்னு வக்கீல் சொல்லுதாரு."

கிளாடிஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மீன் கவிச்சி முகமெல்லாம் ஏறியது அவளுக்குத் தெரியவில்லை.

"சாமியார்ட்டப் போயிப் பாவசங்கீர்த்தனமாவது பண்ணிருக்கலாம்லா?"

"போனேன். ரெண்டு தடவ வரிசையில நின்னேன். எம் மொற வரும்போது வெளிய வந்துட்டேன்." அவன் குரல் தாழ்ந்தது. "அவரு மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டாருன்னா, நான் சொகமா இருந்துருவேனோன்னு பயமா இருந்துச்சு கிளாடிஸ்."

அவள் சட்டியை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். பானையிலிருந்த சோற்றைத் தூக்கில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள்.

சிலுவை வாசலில் உட்கார்ந்து, யாருடைய வலைக்கோ ஈயக்குண்டு கட்டிக்கொண்டிருந்தான். அவள் அவனுடைய வலப்பக்கமாய்ப் போய் அமர்ந்து, எல்லாம் தெரியும் என்றாள். அவன் கை நின்றது.

"சொல்லிட்டானா?" என்றான். "கிறுக்குப் பய. வாயை வச்சுக்கிட்டு இருக்க மாட்டான்."

"நீ ஏண்ணே மறச்ச?"

"என்னத்த மறச்சேன்? இழுத்த கை எங்கை. பிரேக்கு காலுக்கடியில இருந்துச்சு, மிதிக்கல. லிவரு எந்தப் பக்கம் இருந்தா என்னளா? செத்துப்போன பிள்ள எந்திரிச்சு வரப் போவுதா?"

"அவரு தேர் முடிஞ்சதும் மாத்திருந்தா—"

"நான்தான் அவசரமில்லன்னேன். அதையும் சேத்துச் சொல்லு." அவன் ஈயக்குண்டைக் கீழே வைத்தான். "எனக்குப் பொறத்தால யாரு இருக்கா? ஜெயில்ல போட்டாலும் சோறு போடுவான். மச்சான் பட்டறைய மூடிட்டா, நீயும் ரெண்டு பொட்டப் புள்ளையும் எங்க போவீங்க? பர்னபாஸு பூட்டுன என்ஜினால ஆளு செத்துச்சுன்னு பேரு வந்தா எந்த லாஞ்சுக்காரன் படியேறுவான்?"

கிளாடிஸ் அழுதாள். அவன் அவளைத் தேற்றவில்லை. ஈயக்குண்டை மறுபடி எடுத்துக் கையில் உருட்டியபடி சொன்னான்:

"ஒண்ணுதான்ளா தாங்கல. காசிலிங்கம் நான் குடிச்சிருந்தேன்னு சொல்லுதான். காது போனதுக்குப் பொறவு நான் ஒரு சொட்டுத் தொட்டதில்ல. அந்தப் பிள்ள மாடத்தி தெனம் எனக்கு வெத்தலை மடிச்சுத் தரும். அண்ணாச்சின்னு கூப்பிடும். கூப்பிட்டது காதுல விழலைன்னா, கிட்ட வந்து இந்தப் பக்கமா நின்னு கூப்பிடும். குடிச்சிட்டுப் போயி அது மேல வண்டிய ஏத்துனேன்னு ஊரு சொல்லுது பாரு, அதான் ராத்திரியெல்லாம் நெஞ்சுல குத்துது."

கிளாடிஸ் வீட்டுக்குத் திரும்பியபோது பர்னபாஸ் அதே வாங்கில் இருந்தான். அவள் வாசல்படியில் நின்றே சொன்னாள்:

"காசிலிங்கம் வீடு திருநெல்வேலி ரோட்டுப் புதுக்கோட்டைக்கு மேக்கன்னு தெரியும். நாளைக்குக் காலைல நான் போறேன். நீங்க வந்தா வாங்க. வரலைன்னாலும் நான் போறேன்."

"நீ போவாண்டாம்" என்றான் அவன். "நான் போறேன். தனியாப் போறேன்."

மறுநாள் பூசை மணி அடித்தபோது அவன் திருநெல்வேலி ரோட்டில் இருந்தான். அன்று எந்த லாஞ்சும் அவன் காதுக்கு வரவில்லை. எதிர்க்காற்று செம்மண்ணை வாரி முகத்தில் அடித்தது. புதுக்கோட்டையைத் தாண்டி, உடைமரக் காட்டுக்குள் பிரிந்த தடத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தான். பனைகளில் பாளை கட்டத் தொடங்கியிருந்தார்கள். கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தான்.

காசிலிங்கம் ஆட்டுப்பட்டிக்கு ஓலை வேலி கட்டிக்கொண்டிருந்தான். இடுப்பில் அரிவாள். ஆளைக் கண்டதும் முகம் இறுகியது.

"மேஸ்திரியா? மச்சானுக்காகப் பேச வந்தீங்கன்னா அப்படியே திரும்பிப் போயிருங்க. நல்ல வார்த்தையாச் சொல்லுதேன்."

"சிலுவைக்காக வரல. எனக்காக வந்தேன்."

"ஒங்களுக்கு எங்கிட்ட என்ன?"

பர்னபாஸ் கீழே கிடந்த ஒரு பனைமட்டையை எடுத்தான். அதன் நடுவை இடது கையால் பிடித்துக்கொண்டு நட்டமாக நிறுத்தினான்.

"இதுதான் அந்த வண்டி லிவருன்னு வச்சுக்கிடுங்க. நான் பிடிச்சிருக்கதுதான் ஆணி. மேல நுனியை முன்னால தள்ளுனா, ஆணிக்கு மேல கட்டுன கம்பியும் முன்னால போவும். கீழ கட்டுன கம்பி பின்னால போவும். பாக்கீங்களா? கம்பியைக் கீழ கட்டணும். நான் மேல கட்டிட்டேன். அதனால அந்த வண்டியில பின்னால இழுத்தா, முன்னால போவும்."

காசிலிங்கம் மட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு அவன் பின்னாலதான் இழுத்தான். நிறுத்தணும்னுதான் இழுத்தான். லாஞ்சுக்காரன் அப்படித்தான் நிறுத்துவான். வண்டி முன்னால வந்துருச்சு. அவன் குடிக்கல. தப்பு நான் பூட்டுனதுல இருந்துச்சு."

"போலீஸ் வந்து பாத்தப்போ சரியா இருந்துச்சே?"

"அவங்க வாரதுக்கு மொத நான் மாத்திட்டேன்."

ஆடுகள் வேலிக்கப்பால் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன. காசிலிங்கம் மெதுவாகக் கேட்டான்:

"மாறி இருந்தது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"பூட்டுன அன்னைக்கே. ஆவணி தொடங்கறதுக்கு மொத."

"மாத்த எவ்வளவு நேரம் ஆவும்?"

பர்னபாஸ் மட்டையைக் கீழே வைத்தான்.

"எவ்வளவு நேரம்னு கேட்டேன்."

"கால் மணி நேரம்."

"நாலு மாசம்" என்றான் காசிலிங்கம். "நாலு மாசத்துல கால் மணி நேரம் ஒனக்கு வாய்க்கல. அவளை லாரியில தூக்கிப் போட்டுக் கொண்டுபோறாங்க. அவ தண்ணி தண்ணின்னு கேக்கா. அப்ப வாய்ச்சிருக்கு."

அவன் இடுப்பிலிருந்த அரிவாளை உருவினான். பர்னபாஸ் நகரவில்லை. காசிலிங்கம் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, கைக்கு எட்டாத தூரத்தில், முள்ளுக்குள் வீசியெறிந்தான்.

"இங்கன நிக்காத. போ. போலீஸ்ல போயி இதை இப்படியே சொல்லு. அந்த மட்டையைப் பிடிச்சுக் காட்டுனியே, அப்படியே காட்டு."

"அங்கதான் போறேன். மொதல்ல ஒங்ககிட்டச் சொல்லணும்னு வந்தேன்."

"சொல்லிட்டல்லா. போ."

ஸ்டேஷனில் ஏட்டு இரண்டு முறை திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டு எழுதிக்கொண்டார். "இத்தனை நாள் என்னய்யா பண்ணின?" என்றார். தடயத்தை மாற்றியதற்குத் தனி வழக்கு வரும் என்றார். வரட்டும் என்றான். இன்ஸ்பெக்டர் வரும்வரை உட்காரச் சொன்னார்கள். செய்தி கேட்டு வந்த வீரபாகு அண்ணாச்சி வாசலில் நின்று அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஒன் காதை நம்பித்தானவே நாங்கல்லாம் இருந்தோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பகல் முழுதும் பர்னபாஸ் அந்தச் சுவரடியில் உட்கார்ந்திருந்தான். பசி தெரியவில்லை. ஏட்டு வாங்கித் தந்த தேநீர் ஆடை கட்டிப்போயிற்று.

வெயில் சாயும் நேரத்தில் மாதா கோயில் பின்தெருவுக்குக் காசிலிங்கம் வந்தான். புதுக்கோட்டையிலிருந்து நடந்தே வந்திருக்க வேண்டும். முட்டுவரை செம்மண்ணாக இருந்தது. தெருவில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் அவனை அடையாளம் கண்டு எழுந்துகொண்டார்கள். அண்ணனோடு இருந்த கிளாடிஸ் பயந்து வாசலை மறித்து நின்றாள்.

"அடிக்க வரலம்மா" என்றான் அவன். "தள்ளிக்கிடுங்க."

சிலுவை உள்ளேயிருந்து எழுந்து வந்தான். காசிலிங்கம் படியேறவில்லை. தெருவில் நின்றபடியே தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான். சிலுவைக்கு அது கேட்கவில்லை. தலையைச் சாய்த்து, வலது காதை முன்னே நீட்டினான்.

காசிலிங்கம் ஒரு கணம் தயங்கினான். பிறகு அவனுடைய வலப்பக்கமாய் வந்து நின்று, குரலை உயர்த்திச் சொன்னான். சிலுவைக்காக உயர்த்திய குரல் தெரு முழுவதும் கேட்டது.

"நீங்க குடிச்சிருந்தீங்கன்னு நான் சொன்னது பொய்யி. நான் பாக்கல. பாக்காமச் சொன்னேன். யாரு மேலயாவது சொல்லணும்னு இருந்துச்சு, சொல்லிட்டேன்."

சிலுவை தன் கையைப் பார்த்தான். "ஆனா இழுத்த கை எங்கைதான் தம்பி" என்றான்.

"தெரியும். அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல வரல. அதைச் சொல்ல எனக்கு இன்னும் மனசு வரல." காசிலிங்கம் தோள் துண்டால் வாயைத் துடைத்தான். "குடிக்கலன்னு மட்டும் சொல்ல வந்தேன். நாளைக்குக் கோர்ட்டுலயும் சொல்லுவேன்."

உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னாள் கிளாடிஸ். அவன் உட்காரவில்லை. திரும்பித் தெருமுனைக் காப்பிக்கடைக்குப் போனான். அங்கே பெஞ்சியில் இருந்தவர்களிடம், சிலுவை குடித்திருக்கவில்லை என்று முன்னே சொன்ன அதே குரலில் சொன்னான். யாரோ ஏதோ கேட்டார்கள். இன்னொரு முறை சொன்னான். அதன் பிறகு மணலில் இறங்கி, தோணிகள் கட்டியிருந்த துறையை நோக்கி நடந்தான். தோணிக்காரர்கள் உலைக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தோணியாக நின்று, உள்ளே இருப்பவர்களைப் பெயர் சொல்லி வெளியே அழைத்து, தான் அங்கே சொல்லியிருந்ததை ஒவ்வொருவரிடமிருந்தும் திரும்ப வாங்கிக்கொண்டு போனான்.